தகடூர் அதியமான்: தலை தடவிய கை

சங்கச் சான்றோர் போற்றிய வள்ளல் எழுவருள் ஒருவன் அதியமான் நெடுமான் அஞ்சி. தகடூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். அத்தகடூரே இன்றைய தருமபுரி என்பதைக் கல்வெட்டுகள் உறுதி செய்துள்ளன. தருமபுரிக்குத் தெற்கே, சேலம் நெடுஞ்சாலையில், அவன் குடிப்பெயரைத் தாங்கி அதியமான்கோட்டை நிற்கிறது. அதனை அடுத்துள்ளது நல்லம்பள்ளி. ஆகவே இங்குக் கூடிக் கவிதை படிப்போர்க்கு அஞ்சி ஏட்டில் மட்டும் வாழும் மன்னன் அல்லன், பக்கத்து ஊர்க்காரன். ஆயினும் பக்கத்து ஊர்க்காரனைப் பற்றி நாம் அறிந்திருப்பது என்னவோ ஒரே ஒரு செய்திதான். பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும், பல்லுப்போன கிழவரைக் கேட்டாலும் நெல்லிக்கனியைத்தான் சொல்வர். அந்த ஒரு கொடையின் ஒளியில் அவனுடைய எஞ்சிய வாழ்வு முழுவதும் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

அக்கனியை வாங்கிக்கொண்ட ஔவையாரையும் நாம் சரியாகப் பார்த்தோமில்லை. கூன் விழுந்த முதுகும், நரைத்த தலையும், கையில் கோலுமாக ஒரு பாட்டி. அவர் முன்னே முடி தரித்த இளைய மன்னன் ஒருவன். பாடப்புத்தகப் படங்களும், 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்து வெளிவந்த திரைப்படமும் இந்தக் காட்சியை மனத்தில் அழுத்தமாகப் பதித்துவிட்டன. நீதிநூல் பாடிய பிற்கால ஔவையாரையும் சங்க கால ஔவையாரையும் ஒருவராக்கிய மயக்கம் இது. புறநானூற்றுக்குள் நுழைந்தால் காட்சி தலைகீழாக மாறுகிறது. பகையரசன் ஒருவன் அங்கே ஔவையாரை ஒளி பொருந்திய நெற்றியும் மையுண்ட கண்ணும் உடைய விறலி என்று கருதியே வினவுகிறான். அதற்கும் மேலாக, தம்மைக் குழந்தையின் இடத்திலும் அஞ்சியைத் தந்தையின் இடத்திலும் வைத்துப் பாடியவர் ஔவையாரே. பேரனுக்குப் பாட்டி பாடிய பாட்டாக அன்றித் தந்தைக்கு மகள் பாடிய பாட்டாகப் படித்தால் அவன் வாழ்வும் சாவும் வேறு பொருள் கொள்கின்றன.

அதியர் பழங்குடியினர். அசோகனின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் ஒரு வரிசையில் சத்தியபுத்திரர் எனச் சொல்லப்பட்டவர் யாவர் என்று அறிஞர் நெடுங்காலம் வழக்காடி வந்தனர். 1981இல் திருக்கோவலூருக்கு அருகிலுள்ள ஜம்பை என்னும் ஊரில் மலைக்குகை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவ்வழக்கைத் தீர்த்துவைத்தது. சத்தியபுத்திரன் என்ற பட்டத்துடன் அதியன் நெடுமான் அஞ்சி என முழுப்பெயரையும் பொறித்து, துறவியர்க்கு அவன் அளித்த பாழியை, அதாவது குகை உறைவிடத்தை, அது குறிக்கிறது. எழுத்தமைதி கொண்டு அதனைக் கி.பி. முதல் நூற்றாண்டினது என்பர். புலவர் பாட்டில் மட்டுமே இருந்தவன் கல்லிலும் கிடைத்தான். பாட்டு கூறியது கற்பனையன்று என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. அக்கல்லும் ஒரு கொடையையே சொல்கிறது என்பதும் கருதத்தக்கது.

அவன் முன்னோரைப் பற்றி ஔவையார் தரும் செய்தி ஒன்று மிக இனியது. தேவரைப் போற்றி வேள்வியில் ஆவுதி அருத்தியவர்கள். பெறுதற்கரிய கரும்பை இந்நிலத்துக்குக் கொண்டுவந்தவர்கள். அரசர் குடிக்குப் பெருமை சொல்ல வருவோர் இமயத்தில் கொடி பொறித்ததையும் கடலில் கலம் செலுத்தியதையும் சொல்வது வழக்கம். அதியர்க்கோ ஒரு பயிர். வாளால் வென்றது மறந்துபோகலாம். வாயில் இனித்தது மறப்பதில்லை. இம்மாவட்டத்தில் இன்றும் கரும்பு விளைகிறது. பாலக்கோட்டில் சர்க்கரை ஆலையே எழுந்தது. கரும்பு வெட்டுவோர் எவரும் அதியனை நினைத்துக்கொண்டு வெட்டுவதில்லை. அது வேறு.

அஞ்சியின் இளமை பற்றிச் செய்தியில்லை. பாட்டில் அவன் தோன்றும்போதே வேலேந்திய வீரனாகத்தான் தோன்றுகிறான். எழுவரோடு பொருது வென்றவன். மலையமான் திருமுடிக் காரியின் கோவலூரை அழித்தவன். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையாரே குறிக்கிறார். புறநானூற்றில் ஔவையார் பெயரில் அமைந்த பாடல்கள் 33. அவற்றுள் 87 முதல் 104 வரையிலான 18 பாடல்கள் ஒரே தொடர்ச்சியாக இவனையும் இவன் மகனையும் பாடுகின்றன. வேறு இடங்களிலும் சில உள. ஒரு புலவர் ஒரு வள்ளலை இவ்வளவு அணுக்கமாக, இவ்வளவு நாள், இத்தனை மனநிலைகளில் பாடியதற்குக் கபிலரும் பாரியும் தவிர வேறு ஈடு சொல்வது அரிது.

போர்ப்பாடல்களை எண்ணிக்கையில் மிகுதியாகப் பாடியிருந்தும், ஔவையார் படைக்கலங்களின் பெயர்ப்பட்டியலைத் தந்து நம்மைச் சலிக்கச் செய்வதில்லை. அவர் கையாளும் உவமைகள் யாவும் ஊருக்குள்ளிருந்து வருகின்றன. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் இருந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எவ்வளவு உறுதியாக இருக்கும்? அஞ்சி அத்தகையவன். முழங்கால் அளவு நீர்தானே என்று எண்ணி இறங்கிய யானையை வீழ்த்தும் முதலை அவன். ஊர்ச் சிறுவர் நீர்த்துறையில் படிந்து தந்தத்தைக் கழுவப் பொறுத்துக் கிடக்கும் யானை, மதம் பட்டபோது நெருங்க முடியாததாகும் அல்லவா. தம்மவர்க்கும் பகைவர்க்கும் அவன் அப்படி. இந்த யானையையும் அதன்மேல் ஏறி விளையாடும் சிறுவரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தந்தை என்ற எண்ணம் அந்தப் பாட்டிலேயே முளைவிட்டுவிட்டது.

தொண்டைமானிடம் ஔவையார் தூது சென்ற செய்தி பலரும் அறிந்தது. அவன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையுடன் காட்டினான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலுக்குள் அழகாக வைக்கப்பட்டிருந்தன வேல்கள். அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்து, அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவையார். ஒரு போரைச் சொல்லால் நிறுத்தப் பார்த்த முயற்சி இது. அது வரையில் அரசர்க்கு இடையில் நடந்த தூதில் ஒரு பெண்ணின் நா இவ்வளவு கூர்மையாக இயங்கியதை இலக்கியம் காட்டவில்லை. அந்த நாவை நம்பித் தன் நாட்டின் நன்மையை ஒப்படைத்த மன்னனின் தெளிவையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். பரிசில் வேண்டி வந்தவர் என்று மட்டும் அவரை அவன் கருதியிருந்தால் தூதுக்கு அனுப்பியிருக்க மாட்டான்.

எனினும் அவன் குறையே இல்லாத வள்ளல் அல்லன். விழா மலர்களில் வள்ளல்களைப் பற்றி எழுதுவோர் இதனைச் சொல்லத் தயங்குவர். சொல்லாமல் விட்டால் மனிதன் மறைந்து சிலை மட்டும் எஞ்சும். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் பல கடந்து அவனை நாடி வந்தார். அவன் அவரைக் காணாமலே பரிசில் அனுப்பினான். தாம் பொருளுக்குப் பாட்டு விற்கும் வணிகர் அல்லர் என்றும், தகுதி அறிந்து முகம் பார்த்துக் கொடுத்தால் தினையளவும் போதும் என்றும் கூறி, அதனைப் பெறாமல் அவர் திரும்பினார். அவர் சினந்தது நியாயமே. ஔவையாரும் ஒருமுறை அவன் வாயிலில் காத்துக் கிடந்தார். பரிசில் நீட்டிக்கப்பட்டது. வாயில் காவலனைப் பார்த்து அவர் பாடிய பாட்டு, புறநானூற்றின் கோபப் பாடல்களுள் தலையாயது. அஞ்சி தன் தரத்தை அறியாதவனா, இல்லை தம் தரத்தை அறியாதவனா என்று கேட்டார். அறிவும் புகழும் உடையோர் எல்லாம் இறந்து உலகம் வெறுமையாகிவிடவில்லை என்றார். கோடரியோடு காட்டுக்குள் செல்லும் தச்சன் மக்களுக்கு எந்த மரமும் பயன்படும். தமக்கும் எத்திசை போனாலும் அங்கே சோறு கிடைக்கும் என்று யாழையும் பையையும் கட்டிக்கொண்டார்.

இப்படிச் சினந்து எழுந்தவரே பிறிதொரு பாட்டில், ஒரு நாள் சென்றாலும், பல நாள் பலரோடு சென்றாலும் முதல் நாள் காட்டிய அதே விருப்பத்தை அவன் காட்டுவான் என்கிறார். அவனிடம் பெறும் பரிசில், காலம் தாழ்ந்தாலும், யானை தன் கொம்புகளுக்கு இடையே வைத்திருக்கும் கவளம் போலத் தப்பாது கைக்கு வரும் என்று தம் நெஞ்சுக்கு ஆறுதலும் சொல்கிறார். இவ்விரு பாடல்களுள் எது முந்தியது என்று வரிசை எண்ணைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. தொகுத்தவர் வைத்த முறை அது. ஆயினும் உறவின் தன்மையை இரண்டும் சேர்ந்தே காட்டுகின்றன. அயலானிடம் இத்தகைய ஊடல் செல்லுபடியாகாது. வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு மறுபடியும் அதே வாசலுக்கு வருவது பிள்ளைகள் செய்யும் செயல்.

நெல்லிக்கனிக்கு வருவோம். ஏறுதற்கரிய பெருமலையின் பிளவில், அடைதற்கரிய இடத்தில் இருந்த மரத்தின் கனி அது. உண்டார்க்கு நெடிய வாழ்நாள் தருவது. சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையைச் சொல்லியே அவனை வள்ளல் எழுவருள் வைக்கிறது. ஔவையார் பாட்டில் அழுத்தம் பெறுவது கனியின் அருமை மட்டுமன்று. அதன் பயனை அவன் சொல்லவில்லை என்பதை அவர் தனியே எடுத்துக் கூறுகிறார். சொல்லியிருந்தால் அவர் உண்டிருக்க மாட்டார். இது கிடைத்தற்கரியது, நான் உண்ண வேண்டியது, உனக்காக விட்டுக்கொடுக்கிறேன் என்று அறிவித்துத் தருவது வள்ளன்மை. எதுவும் சொல்லாமல், தின்னு என்று கையில் வைப்பது வேறு. வீட்டில் தனக்கென்று வந்த பண்டத்தை மடியில் மறைத்துக் கொணர்ந்து பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தான் உண்டதாகப் பொய் சொல்லும் தந்தையரை இந்த வறண்ட மாவட்டம் நிறையவே கண்டிருக்கிறது. உண்ட பிறகு உண்மை அறிந்த ஔவையார், நஞ்சை உண்டு கறுத்த மிடற்றையுடைய இறைவனைப் போல நீ நிலைபெறுக என்று வாழ்த்தினார். நஞ்சை உண்டும் சாகாதவனைச் சாகாமையைக் கைவிட்டவனுக்கு உவமையாக்கினார். அந்த வாழ்த்து பலிக்கவில்லை என்பது பின்னால் வரும் துயரம்.

இனி 92ஆம் பாட்டு. கனிப் பாட்டுக்கு அடுத்து நிற்கும் இச்சிறு பாட்டைப் பெரும்பாலோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். குழந்தையின் மழலை யாழிசையோடு ஒப்பாவது அன்று; தாளத்தில் அடங்குவதும் அன்று; அதற்குப் பொருளும் விளங்காது. ஆனாலும் தந்தையர்க்கு அது அருளை உண்டாக்கிவிடுகிறது. காவல் மிக்க பகைவர் அரண்கள் பலவற்றை வென்ற அஞ்சியே, என் சொல்லும் உனக்கு அப்படித்தான் என்கிறார். தொண்டைமான் அவையில் வாய்வீச்சில் வென்று வந்தவர், பரணரோடு ஒருங்கு எண்ணப்பட்டவர், தம் பாட்டை மழலை என்று சொல்கிறார். இதனை அவையடக்கம் என்று ஒதுக்குவாரும் உண்டு. அவையடக்கமாயின் தம் சிறுமையைச் சொல்வதோடு நின்றிருக்கும். இங்குச் சிறுமையைவிட உறவே முன்னிற்கிறது. பொருள் விளங்காவிட்டாலும் கேட்பவன் மகிழ்கிறான் என்றால், அவன் பாட்டுக்காகக் கேட்கவில்லை; பாடுகிறவருக்காகக் கேட்கிறான். ஒரு புலவர் தம் புலமையை ஒதுக்கிவைத்துவிட்டு இவ்வாறு சொல்ல வேண்டுமானால், கேட்பவன்மேல் எத்துணை நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்! கவியரங்கில் கைதட்டலுக்குக் காத்திருப்போர் இப்பாட்டை ஒருமுறை பொறுமையாகப் படிப்பது நன்று.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 100ஆம் பாட்டு. அஞ்சிக்கு மகன் பிறந்தான். போர்க்களத்திலிருந்து நேரே வந்து அவன் பிள்ளையைப் பார்த்தான். கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண். தலையில் பனந்தோட்டோடு வெட்சியும் வேங்கையும் விரவிய மாலை. புலியோடு பொருது வந்த யானையின் சினம் போல அவன் சினம் இன்னும் ஆறவில்லை. பகைவரை நோக்கிச் சிவந்த கண், பெற்ற மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லை என்று பாடினார் ஔவையார். மறத்தின் மிகுதியைச் சொல்வதே பாட்டின் நோக்கம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைக்கும்போது ஒன்று தெரிகிறது. தான் பெற்ற மகன் முதன்முதலில் கண்டது தந்தையின் சிவந்த கண்ணை. தான் பெறாத மகள் கண்டதோ மழலை கேட்டு மகிழ்ந்த முகத்தை.

முடிவு தகடூரில் வந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை கொல்லிக் கூற்றத்தில் அதிகமானையும் அவனோடு நின்ற இருபெரு வேந்தரையும் வென்று, தகடூரை அழித்தான் எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் கூறும். தகடூர் எறிந்த என்னும் அடைமொழியும் அவனுக்கு வாய்த்தது. அப்போரைப் பாட ஒரு தனி நூலே எழுந்தது. தகடூர் யாத்திரை என்னும் அந்நூல் முழுமையாகக் கிடைக்காமல், புறத்திரட்டிலும் உரையாசிரியர் மேற்கோள்களிலும் சிதறிய சில பாடல்களாக எஞ்சியுள்ளது. தோற்ற நாட்டின் கதை தொலைந்து போவது வியப்பன்று.

அரிசில் கிழார் அப்போரோடு தொடர்புடையவர். வென்ற சேரனை எட்டாம் பத்தில் பாடியவர் அவரே. சேரன் தன் அரசு கட்டிலையே பரிசாக அளிக்க, அதனை ஏலாது அமைச்சராக இருந்தார் என்பர். அதே அரிசில் கிழார் தகடூரில் வீழ்ந்த எழினிக்காகக் கூற்றுவனை இகழ்ந்து பாடினார். அவன் நாட்டில் கன்றோடு மேய்ந்த பசுக்கள் காட்டிலேயே அச்சமின்றித் தங்கின. வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் உறங்கினர். களத்து நெற்குவியலுக்குக் காவல் வேண்டியிருக்கவில்லை. அத்தகையவன் வீழ, சுற்றத்தார் தாயை இழந்த குழந்தையைப் போலத் தவித்தனர். வறுமையால் விதைநெல்லை உண்டுவிட்ட உழவனைப் போலக் கூற்றுவன் தனக்கே கேடு செய்துகொண்டான் என்றார் புலவர். எழினியை விட்டுவைத்திருந்தால் அவன் வேலுக்கு இரையாகும் பகைவர் உயிர்களை உண்டு கூற்றுவன் நிறைந்திருப்பானே! மழையை நம்பி விதைக்கும் மண்ணில் பிறந்தோர்க்கு இவ்வுவமைக்கு உரை வேண்டா. இந்த எழினியும் நெடுமான் அஞ்சியும் ஒருவரா, வேறா என்பதில் அறிஞர் ஒருமுகமாக இல்லை. எழினி என்பது அதியர் குடியில் பலர்க்கும் வழங்கிய பெயர். எவ்வாறாயினும், வென்றவனின் புலவர் தோற்றவனுக்காக அழுதார் என்பது நிற்கும்.

அஞ்சி வேல் பாய்ந்து மாண்டான். அவனுக்காக ஔவையார் பாடிய மூன்று பாடல்கள் கிடைத்துள்ளன. மூன்றும் மூன்று நிலையில் நிற்பவை. முதலில் ஈமத்தீ. குறவன் புனத்தைச் சுட்டெரித்தபின் கிடக்கும் குறைக்கட்டை போலக் கருகிய விறகில் தீ எரிகிறது. அது உடலை அணுகினாலும் சரி, அணுகாமல் வான்வரை ஓங்கினாலும் சரி, கதிரவன் போன்ற அவன் புகழை அது எரிக்காது என்கிறார். சொல் திடமாக இருக்கிறது. இறப்பு நேர்ந்த வீட்டில் முதல் நாள் எல்லோரும் திடமாகத்தான் பேசுவர்.

அடுத்தது நடுகல். தருமபுரி நடுகற்களின் நிலம். ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கும் ஊர் காத்து வீழ்ந்தோர்க்கும் எடுத்த கற்கள் இம்மாவட்டத்தின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கின்றன. பல, தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளன. கல் நட்டு, பீலி சூட்டி, கள் படைத்து வழிபடுவது அக்கால வழக்கம். அஞ்சிக்கும் அது நடந்தது. அந்தச் சடங்கின் நடுவில் நின்று ஔவையார் கேட்ட கேள்வி சடங்கையே உலுக்குவது. ஓங்கிய மலையோடு கூடிய நாட்டையே பகைவர் கொடுத்தாலும் வாங்காதவன், இந்தச் சிறு கலத்தில் நாம் வடித்து வைக்கும் கள்ளை வாங்கிக்கொள்வானோ? காலையும் மாலையும் இனி இல்லாமற் போகட்டும். தம் வாழ்நாளும் இல்லாமற் போகட்டும் என்கிறார். கனியால் நீண்ட வாழ்நாள் அது என்பதை மறந்துவிடக் கூடாது. அவன் கொடுத்த ஆயுளை வைத்துக்கொண்டு அவன் இல்லாத நாள்களை எண்ண வேண்டியிருந்தது. படையலிட்ட இலையின் முன் நின்று, இதை உண்ண அவர் வரவா போகிறார் என்று மனம் குமுறாத பிள்ளை உண்டா?

மூன்றாவது, 235ஆம் பாட்டு. தமிழில் கையறுநிலைப் பாடல்கள் பல உள்ளன. இதற்கு இணை சொல்வது கடினம். இதில் அவன் வென்ற ஊரின் பெயர் இல்லை. முடியும் கொடியும் இல்லை. நெல்லிக்கனியும் இல்லை என்பது வியப்பூட்டும். புகழ் பெற்ற அந்தக் கொடையை ஔவையார் இழவு நேரத்தில் நினைக்கவில்லை. நினைத்தவை எல்லாம் அன்றாடச் செயல்கள். கள் சிறிதளவே இருந்தால் தமக்குத் தந்துவிடுவான். நிறைய இருந்தால் தாம் பாடத் தானும் உடனிருந்து பருகுவான். சோறு கொஞ்சமாக இருந்தாலும் பலரோடு உண்டான். மிகுதியாக இருந்தாலும் பலரோடு உண்டான். எலும்பும் தசையும் கூடிய நல்ல கறி எங்கே உண்டோ அதைத் தமக்கு ஒதுக்குவான். அம்பும் வேலும் பாயும் இடம் எதுவோ அங்கே தான் போய் நிற்பான். பிறகு வருகிறது அந்தச் செயல். நரந்தப் பூவின் மணம் கமழும் தன் கையால், புலால் நாறும் தம் தலையைத் தடவிக் கொடுப்பான்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். பாணர் குடியின் தலை. பல ஊர் நடந்து புழுதியும் புலவு நாற்றமும் படிந்த தலை. அந்த மணத்தையும் இந்த நாற்றத்தையும் ஒரே தொடரில் வைத்தது புலவரின் நேர்மை. அரசன் கை புலவர் தலையைத் தொடுவதைச் சங்கப் பாடல்களில் வேறெங்கும் எளிதில் காண முடியாது. பொற்றாமரை சூட்டுவான், யானை தருவான், தேர் தருவான். தொடுவதற்கு உறவு வேண்டும். இதனை இருவர்க்கும் இடையிலான காதலாகக் கருதிப் பார்த்தோரும் உண்டு. பாட்டை முன்னும் பின்னும் பார்த்தால் அதற்கு இடமில்லை. உண்பதில் நல்லதைக் கொடுத்துவிட்டு ஆபத்தில் முன்னே நிற்பவனும், நாறும் தலையென்று பாராமல் தடவிக் கொடுப்பவனும் யார் என்று 92ஆம் பாட்டில் அவரே சொல்லிவிட்டார்.

அதன்பின் வேலின் வழியைச் சொல்கிறார். அஞ்சியின் மார்பில் பாய்ந்த வேல் அங்கே நிற்கவில்லை. பாணரின் உண்கலங்களைத் துளைத்து, இரப்போர் கைகளில் ஊடுருவி, சுற்றத்தாரின் கண்ணொளியை மழுக்கி, நுட்பமான சொல் தேரும் புலவரின் நாவில் போய் விழுந்தது. மார்பு, கலம், கை, கண் எனப் பயணம் செய்து நாவில் முடியும் அந்த ஒரு வேலின் ஓட்டத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழ்க் கவிஞர் வியந்து வருகின்றனர். மழலை பேசிய நா அது. கேட்பதற்குத் தந்தை இல்லாதபோது குழந்தையின் நாவுக்கு என்ன வேலை? இனிப் பாடுவோரும் இல்லை, பாடுவோர்க்குக் கொடுப்போரும் இல்லை என்றார். குளிர்ந்த நீர்த்துறையில் பூத்தும் எவரும் சூடாத பகன்றைப் பூப்போல, பிறர்க்கு ஈயாமல் மாய்ந்து போகும் உயிர்கள் மிகப் பல என்று முடித்தார்.

அதியர் குடி அஞ்சியோடு அற்றுப்போகவில்லை. போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், எழினி அமைத்த இயக்கன் இயக்கியர் திருவுருவங்களைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் அக்குடியில் தோன்றிய விடுகாதழகிய பெருமாள் புதுப்பித்தான் எனக் கல்வெட்டு உரைக்கிறது. முன்னோன் வைத்ததைத் தேடிச் சென்று செப்பனிட்ட கைகளும் அக்குடியில் இருந்தன.

அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. தந்தையின் சிவந்த கண்ணைக் கண்ட குழந்தை அவனேயாதல் வேண்டும். ஔவையார் அவனையும் பாடினார். உப்பு வணிகர் வண்டியில் நிறையப் பாரம் ஏற்றிப் புறப்படுவர். எருதுகள் இளையன, நுகம் பழகாதவை. பள்ளம் வரும், மேடு வரும். என்ன நேரும் என்று யார் அறிவார்? அதனால் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள வண்டியின் அடியில் வேறோர் அச்சைக் கட்டி எடுத்துச் செல்வர். அந்த மாற்று அச்சு நீ என்று எழினியிடம் சொன்னார். தொப்பூர்க் கணவாயின் ஏற்ற இறக்கத்தை மாட்டுவண்டியில் கடந்த முதியோர் இருந்தால் இதன் பொருளை உரையாசிரியரினும் நன்கு விளக்குவர்.

புறநானூற்றின் இறுதிப் பகுதியில் இரண்டு பாடல்கள் அருகருகே வருகின்றன. 390ஆம் பாட்டில், இரவில் வந்து நெடுவாயிலில் தடாரி கொட்டி நின்ற பொருநனை அஞ்சி அழைக்கிறான். பழைய குளத்துப் பாசி போல இற்றுப்போன அவன் உடையைக் களைந்து, மலர் போன்ற புத்தாடையை உடுத்தி, கள்ளும் ஊனுஞ் சோறும் வெள்ளிக் கலத்தில் ஊட்டுகிறான். 392ஆம் பாட்டில் வாயிலுக்கு உரியவன் எழினி. மங்கிய நிலாவும் பனியும் கூடிய விடியற்காலம். களிற்றின் அடிச்சுவடு போன்ற கிணையைக் கொட்டியபடி பொருநன் நிற்கிறான். அரையில் ஊர்க்கேணிப் பாசியின் வேர் போன்ற கந்தல். எழினி அதனை நீக்கி, நுண்ணிய நூலால் நெய்த ஆடையை உடுத்தி, நாள்பட்ட கள்ளும் விருந்தும் தந்தான். அவனைக் கரும்பு கொணர்ந்தோன் வழிவந்தவன் என்று ஔவையார் அப்பாட்டில் அழைத்தார்.